பேனா முனையில் ஒரு தீவு

பையன் பேனா முனையை வரைபடத்தில் அழுத்தினான். வைத்த புள்ளிக்கு அடியில் தீவு காணாமல் போயிற்று.

"இதுதான் கிரெனடா," என்றான். எதிரே இருந்த மூவரும் குனிந்து பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நீல மையில் ஒரு பொட்டு மட்டும்.

சனத்நகர் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு இரானி கடை. ஆவணி மாதத்து மாலை, மணி ஆறு. மழை விட்டு விட்டுப் பெய்ததால் உள்ளே நல்ல கூட்டம். என் மேசையில் ஒரு பௌனா சாயா, தட்டில் இரண்டு உஸ்மானியா பிஸ்கட். பக்கத்து மேசைக்கும் எனக்கும் ஒரு முழ இடைவெளி. வேண்டாமென்று நினைத்தாலும் காதில் விழும் தூரம். பையன் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவன்; எதிரே ஓர் அப்பா, அம்மா, மகள். அவர்கள் பேசியது தெலங்கானாத் தெலுங்கு. எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. பவர் பிரஸ் வாங்கிய விரல். இருபது வருடமாக இந்தப் பேட்டையில் குடியிருக்கிறேன். இப்படிப்பட்ட கைகளைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறேன். 'சனத்' என்ற உருதுச் சொல்லுக்குத் தொழில் என்று பொருள். நிஜாம் ஆட்சியில் ஆலைகளுக்காக எழுந்த ஊர். 1942-இல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் இங்கேதான் பேருந்துக் கூடும் குளிர்பதனப் பெட்டியும் செய்தது. ஆல்வின் போய்விட்டது. சுற்றியுள்ள பட்டறைகள் இருக்கின்றன. விரல் இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

அவர் முழங்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. மேலே இஎஸ்ஐ அட்டையின் நகல் தெரிந்தது. கடையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இஎஸ்ஐ மருத்துவமனை. 2016-இல் அதோடு ஒரு மருத்துவக் கல்லூரியும் வந்தது, 100 இடங்களோடு. சந்தா கட்டும் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டிலும் பெண்ணுக்கு இடம் வரவில்லை என்பது பேச்சிலிருந்து புரிந்தது. 2024-இல் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 24 லட்சம் பேர். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் கல்லூரிக்குப் போக முடியாத பிள்ளை, இப்போது கண்ணுக்கே தெரியாத தீவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பெண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது இருக்கலாம். இரட்டைச் சடை. ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பேசியில் அதே வரைபடத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனாள். பொட்டு பெரிதாகி, கரை வந்து, மலை வந்து, சாலை வந்தது.

"எவ்வளவு பெரிய ஊர், பாபு?" என்றார் அப்பா.

"சின்னதுதான் அன்னா. ஆனால் தனி நாடு."

பையன் அதோடு நிறுத்திக்கொண்டான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கரீபியத் தீவு, 344 சதுர கிலோமீட்டர். 2007-இல் அமைந்தபோது ஹைதராபாத் பெருநகர மாநகராட்சிக்கு இருந்த 650 சதுர கிலோமீட்டரில் பாதிக்குச் சற்றே மேல். பெரிய தீவின் வடமுனையிலிருந்து தென்முனை 34 கிலோமீட்டர். நாம் இங்கிருந்து ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குப் போகிற தூரம். கூடவே கரியாக்கு, பெட்டிட் மார்டினிக் என்று இரண்டு குட்டித் தீவுகள். மொத்த மக்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள். எரிமலை கக்கிய மண். நடுவே 840 மீட்டருக்கு ஒரு மலை. பழைய எரிமலை வாயொன்றில் தண்ணீர் நின்று ஏரியாகியிருக்கிறது. வடக்கே எட்டு கிலோமீட்டரில், கடலுக்கடியில், இன்னும் அணையாத ஓர் எரிமலை. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் இருப்பது 12 டிகிரி வட அட்சரேகையில், அதாவது நம் புதுச்சேரியின் நேர்கோட்டில். புதுச்சேரிக் கடற்கரையில் நிற்பவர் தலைக்கு மேல் சூரியன் எந்த நாளில் உச்சிக்கு வருமோ, ஏறக்குறைய அதே நாளில் அங்கும் வரும். இதை அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் ஒரு சிறு ஆறுதலாக இருந்திருக்குமோ என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இரானி கடையில் அடுத்த மேசையின் பேச்சுக்குள் நுழைவது மரியாதை இல்லை. சாயாவை ஊதிக்கொண்டிருந்தேன்.

அம்மா அதுவரை வரைபடத்தைத் தொடவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதன் காதை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். முதல் முறையாக வாய் திறந்தார்.

"அங்கே நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க அக்கா. இந்தியாக்காரங்க எல்லா ஊரிலும் இருக்காங்க."

உண்மைதான். ஆனால் எப்படி அங்கே போனார்கள் என்பது அந்தப் பதிலுக்குள் இல்லை. 1838-இல் பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளில் அடிமைகள் முழு விடுதலை பெற்றார்கள். சாட்டை ஓங்கிய தோட்டத்தில் மறுபடி கூலிக்கு நிற்க யார் விரும்புவார்? தோட்டக்காரர்கள் இந்தியாவைப் பார்த்தார்கள். கல்கத்தாவில் 375 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'மெய்ட்ஸ்டோன்' என்ற கப்பல் 1857 மே 1 அன்று கிரெனடாவின் வடக்குக் கரையை அடைந்தது. இறங்கியவர்கள் 287. மற்றவர்கள் வழியிலேயே கடலில். வடக்கே மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. அடுத்த முப்பது வருடங்களில் மொத்தம் 3,200 பேர் அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். பலர் திரும்பவில்லை. மொழி போயிற்று, சாமி மாறிற்று. இன்று அந்நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர் அவர்கள் வழி வந்தவர்கள்.

நம் பக்கத்து ஆட்கள் அதே தீவு வரிசையில் சற்று வடக்கே போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1853 முதல் மார்டினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரையும், 1854 முதல் குவாதலூப்புக்கு 42,000 பேரையும் அனுப்பினார்கள். பெரும்பாலும் தமிழர்கள். குவாதலூப்பில் மாரியம்மன் 'மாலியேமேன்' ஆகி இன்னும் கும்பிடப்படுகிறாள். அங்கே கறிப்பொடிக்குப் பெயர் 'கொலம்போ'. கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மதராஸ்'. மதராஸ் கைக்குட்டை என்று உலகம் சொன்ன அந்தத் துணியை நெய்ததில் ஆந்திரத்துச் சீராலாப் பக்கத்துத் தறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அம்மா கட்டியிருந்ததும் ஒரு கட்டம் போட்ட பருத்திப் புடவைதான்.

பையனை அந்தக் கால ஆள்பிடிகாரர்களோடு ஒப்பிட மாட்டேன். அது அநியாயம். இவன் ஒரு தாளில் கட்டணத்தை வருட வாரியாக எழுதிக் காட்டினான். 54 மாதப் படிப்பு, அதே நாட்டில் ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்தபின் இங்கே தகுதித் தேர்வு, பிறகு மறுபடி ஒரு வருடப் பயிற்சி என்று ஒன்று விடாமல் சொன்னான். தேர்வு பற்றி அப்பா இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் மழுப்பவில்லை. "அது கஷ்டம் அன்னா. நிறையப் பேர் ஒரே தடவையில் பாஸ் ஆகிறதில்லை." அவனுக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சட்டைப் பையில் மூன்று பேனா.

தொகை டாலரில் இருந்தது. அப்பா அதை ரூபாயாக்கிக் கீழே எழுதினார். வெட்டுப்பட்ட விரலால் பேனாவைப் பிடிக்க முடியாது. கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு எழுதினார். எண்கள் முத்து முத்தாக விழுந்தன. கூட்டிப் பார்த்துவிட்டு, தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். அன்று அந்த மேசையில் எழுந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிழைப்பை அறிந்தவரால்தான் அதைக் கேட்க முடியும்.

"அந்த ஜனம் எதை வச்சுப் பிழைக்குது?"

பையன் தடுமாறினான். "டூரிசம் அன்னா..." என்று இழுத்தான்.

பதில் அந்த நாட்டுக் கொடியிலேயே வரைந்திருக்கிறது: ஒரு ஜாதிக்காய். தெலுங்கில் ஜாஜிகாய. இரானி கடைக்கு எதிர்ச்சாரியில் பிரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசத்தில் ஜாதிக்காயைப் போர்த்தியிருக்கும் ஜாபத்ரியும் உண்டு. எங்கள் பேராவூரணி வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் வெளியே வருவது உரைகல். பாட்டி ஜாதிக்காயையும் வசம்பையும் தாய்ப்பாலில் இரண்டு இழை இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார். அந்தக் காய் ஒரு காலத்தில் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் மட்டும் விளைந்தது. அதற்காக டச்சுக்காரர்கள் அந்தத் தீவு மக்களைக் கொன்று குவித்தார்கள். 1667-இல் ரன் என்ற பண்டாத் தீவைத் தங்களிடமே வைத்துக்கொண்டு மன்ஹாட்டனை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிற்பாடு ஆங்கிலேயர் கன்றுகளைக் கிளப்பிவந்து பினாங்கிலும் இலங்கையிலும் நம் குற்றாலத்திலும் நட்டார்கள். கிரெனடாவுக்கு அது 1843-இல் போய்ச் சேர்ந்தது. கரும்பு நொடித்துப் போன நேரம். எரிமலை மண்ணும் மலை ஈரமும் அதற்கு ஒத்துப்போயின. நூறு வருடத்தில் உலகச் சந்தையில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் அந்தச் சின்ன நாட்டுக்கு.

பெருந்தோட்டம் வைக்காதவனுக்கும் கொல்லையில் பத்து மரம் இருந்தால் மாதாமாதம் கைக்காசு. பழம் வெடித்து விழும். குனிந்து பொறுக்க வேண்டும். 1947-இல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. காய் முழுதும் அங்கே போகும். கூயாவ் என்ற மீனவ ஊரில் அதன் நிலையம் ஒன்று இருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். காயைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், மூழ்கினால் நல்லது, மிதந்தால் சொத்தை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடி அந்த நாட்டுக்கு முதல் பதக்கமாகத் தங்கத்தையே கொண்டுவந்த கிரானி ஜேம்ஸ் அந்தக் கூயாவ் ஊர்ப் பிள்ளை.

ஜாதிக்காய் பொறுமைசாலிகளின் பயிர். விதை போட்டு ஆறேழு வருடம் காத்திருந்து பூத்த பிறகுதான் அது ஆண் மரமா பெண் மரமா என்றே தெரியும். ஆண் காய்க்காது. நல்ல விளைச்சலுக்குப் பதினைந்து வருடம்.

2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் என்ற புயல் அந்தத் தீவைத் தாக்கிற்று. 1955-இல் வந்த ஜேனட்டுக்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது வருடம் அப்படி ஒன்று வராததால், புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிறோம் என்று நம்பியிருந்தார்கள். 39 உயிர். பத்து வீட்டில் ஒன்பதுக்குச் சேதம். இழப்பு அந்நாட்டின் ஒரு வருட மொத்த வருமானத்தைப் போல இரண்டு மடங்கு. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி வேரோடு சாய்ந்தது.

இதை நான் வெறும் கணக்காகப் படிக்க முடியாதவன். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறி எங்கள் பக்கம் வந்தது. மூன்றாம் நாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா தோப்பின் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எத்தனை மரம் போயிற்று என்று கேட்டேன். "நீயே எண்ணிக்கடா தம்பி, என்னால ஆகல" என்றார். ஐம்பது வயது மரம் விழுந்த இடத்தில் கன்று வைத்தால் அது காய்க்கிறபோது தான் இருப்போமா என்பது அவர் கவலை. கிரெனடாவில் அன்று எத்தனை கிழவர்கள் அப்படி மலைச்சரிவில் உட்கார்ந்திருப்பார்கள்! பலர் திரும்ப ஜாதிக்காய் நடவில்லை. சிலர் அதைவிடச் சீக்கிரம் பலன் தரும் கொக்கோவுக்கு மாறினார்கள். ஐவனின் வடு ஆறுமுன் அடுத்த வருடமே எமிலி புயல். 2024 ஜூலை 1 அன்று பெரில் கரியாக்கு தீவைத் துடைத்துப்போட்டது.

ஆகவே அந்த ஜனம் இன்று பிழைப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பலவற்றை வைத்து. உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாளில் துறைமுகத்தில் வியாபாரம். வெளிநாடு போன பிள்ளைகள் அனுப்பும் பணம். 2013 முதல், முதலீடு செய்பவருக்குக் குடியுரிமை. அதாவது கடவுச்சீட்டே ஒரு விளைபொருள். நாணயம்கூடத் தனியாக இல்லை. எட்டு ஆட்சிப்பகுதிகள் சேர்ந்து புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர், 1976 முதல் 2.70-க்கு ஓர் அமெரிக்க டாலர் என்று கட்டி வைத்தது கட்டி வைத்தபடி. கடைசியாக, மாணவர்கள். 1977-இல் வகுப்பு தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளிக்கு அயல்நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து படிக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் வாடகை, ஏறும் வண்டி, வாங்கும் காய்கறி எல்லாம் தீவின் பெரிய வருவாய். இந்த அப்பா வட்டம் போட்ட தொகையும், போய்ச் சேர்ந்தால், கூயாவ்க்காரர் எவரேனும் ஒருவர் வீட்டு உலையில் அரிசியாகும்.

"நான்னா," என்றாள் பெண். அவள் குரலை அப்போதுதான் கேட்டேன். கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். "இங்கே 1983-ல அமெரிக்கப் படை இறங்கியிருக்கு. காலேஜ் பிள்ளைங்களைக் காப்பாத்தணும்னு சொல்லி."

மூவரும் நிமிர்ந்தார்கள். பையனுக்கு அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் படித்தது சரி. 1974 பிப்ரவரி 7 அன்று சுதந்திரம் பெற்ற நாடு. 1979 மார்ச்சில் மாரிஸ் பிஷப் என்ற இளம் வழக்கறிஞர் புரட்சி செய்து பிரதமரானார். கியூபா உதவியோடு பெரிய ஓடுதளம் கட்டத் தொடங்கினார். அது சோவியத் விமானங்களுக்கு என்று வாஷிங்டன் சொன்னது, சுற்றுலாவுக்கு என்று அவர் சொன்னார். 1983 அக்டோபர் 19 அன்று சொந்தக் கட்சியில் ஒரு கோஷ்டியின் ஆணையில் கோட்டைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறாம் நாள் அமெரிக்கப் படை வந்தது. சொன்ன காரணங்களில் முதன்மையானது, அங்கே படித்த நூற்றுக்கணக்கான அமெரிக்க மருத்துவ மாணவர்களின் உயிர். ஐ.நா. பொதுச்சபை 108-க்கு 9 என்ற வாக்கில் அந்தப் படையெடுப்புக்குக் கண்டனம் தெரிவித்தது. அடுத்த மாதம் புதுதில்லியில் இந்திரா காந்தி தலைமையில் கூடிய காமன்வெல்த் மாநாட்டில் இந்தத் தீவுதான் பேச்சு. ஒரு லட்சம் பேர் நாடு அன்று உலகத்தின் வாயில் இருந்தது. பிஷப்பின் உடல் கிடைக்கவே இல்லை. அவர் தொடங்கிய விமான நிலையத்துக்கு 2009-இல் அவர் பெயரை வைத்தார்கள். இந்தப் பெண் போவதானால் அங்கேதான் இறங்க வேண்டும்.

"இப்போ சண்டை இல்லையே பிட்டா?" என்றார் அம்மா. தெலங்கானாவில் பெற்ற பிள்ளையை அப்படித்தான் அழைப்பார்கள், மகனானாலும் மகளானாலும்.

"இல்லம்மா. அது பழைய கதை. நாற்பது வருஷம்."

"சோறு கிடைக்குமா?"

பையன் இதற்குத் தயாராக இருந்தான். "எல்லாம் கிடைக்கும் அக்கா. ரொட்டி, பருப்பு, கோழி."

சீமைப்பலாவையும் சேப்பங்கீரையையும் உப்புக்கண்டத்தோடு தேங்காய்ப்பாலில் போட்டு, மஞ்சள்தூள் தூவி, பால் வற்றி எண்ணெய் அடியில் இறங்கும்வரை ஒரே பானையில் வேகவிடுவது அவர்களுடைய தேசிய உணவு. அதற்குப் பெயரே 'ஆயில் டவுன்'. தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கொதிக்கிற வீட்டில் ஒரு பெண்பிள்ளை பட்டினி கிடக்க மாட்டாள் என்று அந்தத் தாயிடம் சொல்லத் தோன்றியது. என் சாயா ஆறிப்போயிருந்தது.

அப்பா தாளை மடிக்கவில்லை. வட்டம் போட்ட தொகையையும் நீலப் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சரக்கு ரயில் நீளமாக ஊதியது. சனத்நகரின் சரக்குப்பெட்டி முனையத்திலிருந்து இரும்புப் பெட்டிகள் துறைமுகங்களுக்குப் போகும் பாதை அது. பட்டறைக்காரருக்கு அந்தச் சத்தம் பழக்கம்; தலை திருப்பவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடு பாபு," என்றார். "ஊர்ல அரை ஏக்கர் இருக்கு. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்."

"அவசரம் இல்ல அன்னா."

"நான்னா, நிலம் வேண்டாம்," என்றாள் பெண். "இன்னொரு வருஷம் எழுதறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. கல்லாவுக்குப் போய் நான்கு சாயாவுக்கும் காசு கொடுத்தார். பையன் தானே தருவதாகச் சொல்லிப் பின்னால் ஓடினான். அவர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தார். திரும்பி வந்து வரைபடத்தை நான்காக மடித்து, இஎஸ்ஐ அட்டைக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் நடுவே கோப்பில் செருகினார்.

மழை வலுத்தது. மூவரும் எழுந்து வாசல் ஓட்டுக்கடியில் நின்றார்கள். என் மேசை வாசலோரம். அம்மா துணிப்பையைத் தலைக்கு மேல் பிடிக்கப் போனவர் நிறுத்திக் கேட்டார்.

"அங்கே இப்போ மணி என்ன?"

பெண் கைப்பேசியைப் பார்த்தாள். நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே ஆறரை.

"காலைல ஒன்பதும்மா."

"அப்போ எல்லாம் வேலைக்குப் போயிருக்கும்," என்றார் அம்மா. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கினார். மகள் கோப்பைத் துப்பட்டாவுக்குள் வைத்து அணைத்தபடி பின்னால் ஓடினாள்.